கையால் ஓட்டினால் ஓடுகிறது, க்ரானில் ஓடவில்லை: பழுது பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

"தம்பி, இன்னிக்கும் மெசேஜ் வரலை. நேத்து நீங்க வந்து ஓட்டிக் காட்டினப்ப மட்டும் வந்துச்சே?"

மன்னார்குடிப் பக்கம் ஓர் அரவை ஆலையின் கணக்குப்பிள்ளை இப்படிக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எடைமேடை அறையில் ஒரு சிறிய லினக்ஸ் பெட்டி இருக்கிறது. பகலில் வந்த நெல் வண்டிகளின் எடையைக் கூட்டி, விடியற்காலை ஐந்து மணிக்கு அறிக்கை தயாரித்து, விவசாயிகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த கோப்பு) ஒன்று அதில் உண்டு. டெர்மினலில் (கட்டளை தட்டும் ஜன்னல்) தட்டினால் பிசகாமல் ஓடும், குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் க்ரான் என்ற சேவையில் போட்டால் ஓடாது. சம்பா அறுவடை உச்சத்தில் இருக்கும் தை, மாசியில் இந்தப் பெட்டி இரண்டு நாள் மக்கர் பண்ணினால் ஆலை வாசலில் ஆட்கள் கூடிவிடுவார்கள்.

கணக்குப்பிள்ளை கேட்ட கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. நீங்கள் ஓட்டும்போது இருக்கும் ஏதோ ஒன்று, க்ரான் ஓட்டும்போது இல்லை. அந்த ஏதோ ஒன்றை ஊகித்துப் பிடிக்க முயலாமல், வரிசையாகத் தேடிப் பிடிப்பதற்குத்தான் இந்த வழிகாட்டி. கட்டளைகளை ஒலிப்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். தட்டும்போது வழக்கமான ஆங்கில எழுத்துகளில் தட்டிக்கொள்ளுங்கள். பாத், ஹோம், ஷெல், லாங் போன்ற சூழல் மாறிகளை, அதாவது ஓடும் நிரலுக்குக் கூடவே தரப்படும் பெயர்-மதிப்புகளை, முழுக்கப் பெரிய எழுத்தில் தட்டுங்கள்.

முதலில் கேள்வியைத் திருத்துங்கள்

"ஓடவில்லை" என்ற ஒரு சொல்லுக்குள் நான்கு வெவ்வேறு நோய்கள் ஒளிந்திருக்கின்றன. க்ரான் சேவையே எழுந்திருக்காது. அல்லது சேவை இருக்கும், உங்கள் வரியை அது ஏற்றிருக்காது. அல்லது வரியை ஓட்டியிருக்கும், ஸ்கிரிப்ட் பாதியில் விழுந்திருக்கும். நான்காவதுதான் வேடிக்கை: எல்லாம் சரியாக ஓடியிருக்கும், விளைவு நீங்கள் பார்க்காத இடத்துக்குப் போயிருக்கும். இந்த நான்கில் எது என்று தெரியாமல் ஸ்கிரிப்டைத் திறந்து திருத்த ஆரம்பிப்பவர்கள், ஒரு பிழையைத் தேடப் போய் இரண்டு புதுப் பிழைகளைச் சேர்த்துவிட்டு வருவார்கள்.

படி 1: ஓடியதா? லாக்கைக் கேளுங்கள்

லாக் என்பது நடந்ததைப் பெட்டி எழுதிவைக்கும் பதிவுக் கோப்பு. டெபியன், உபுண்டு என்றால் /வார்/லாக்/சிஸ்லாக் கோப்பில் க்ரான் என்ற சொல்லைப் பெரிய எழுத்தில் க்ரெப் செய்யுங்கள் (தேடுங்கள்). ரெட் ஹாட், ராக்கி, அல்மா வகையறாவில் /வார்/லாக்/க்ரான் என்று தனிக் கோப்பே உண்டு. டெபியன் 12-ஐப் புதிதாக நிறுவியிருந்தால் சிஸ்லாக் கோப்பே இருக்காது. அப்போது "ஜர்னல்சிடிஎல் -யூ க்ரான்" என்று கேளுங்கள். ரெட் ஹாட் பக்கம் சேவையின் பெயர் க்ரான்ட் என்று முடியும், கடைசியில் ஒரு டி. பழைய சொலாரிஸில் /வார்/க்ரான்/லாக், ஏஐஎக்ஸில் /வார்/ஏடிஎம்/க்ரான்/லாக்.

அடைப்புக்குறிக்குள் பயனர் பெயரும், பக்கத்தில் சிஎம்டி என்ற சொல்லும், உங்கள் கட்டளையும் இருந்தால் க்ரான் தன் வேலையைச் செய்துவிட்டது என்று பொருள். அதற்கு மேல் எந்தப் பொருளும் இல்லை. மடை திறந்தாயிற்று, கடைமடைக்குத் தண்ணீர் சேர்ந்ததா என்பது வேறு கணக்கு. அந்த வரி இருந்தால் படி 3-க்குப் போங்கள். இல்லையென்றால் அடுத்த படி.

படி 2: வரியை ஏன் ஏற்கவில்லை?

"க்ரான்டேப் -எல்" என்று தட்டுங்கள். க்ரான்டேப் என்பது எந்த நேரத்தில் எதை ஓட்ட வேண்டும் என்று ஒவ்வொரு பயனருக்கும் இருக்கும் பட்டியல், இந்தக் கட்டளை அதைக் காட்டும். யாராக உள்ளே நுழைந்து தட்டுகிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். ரூட்டாக (முழு அதிகாரமுள்ள நிர்வாகப் பயனர்) இருந்து எழுதிய வரியை, ஆலை என்ற பயனராக வந்து தேடினால் கிடைக்காது. ரூட்டாக இருந்துகொண்டே மற்றவரின் பட்டியலைப் பார்க்க "க்ரான்டேப் -யூ ஆலை -எல்".

அடுத்து, கட்டங்களின் எண்ணிக்கை. தனிப் பயனரின் க்ரான்டேப்பில் நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என ஐந்து நேரக் கட்டங்கள், பிறகு கட்டளை. /இடிசி/க்ரான்டேப் கோப்பிலும் /இடிசி/க்ரான்.டி அடைவிலும் இடையில் பயனர் பெயர் என்று ஆறாவது கட்டம் வரும். அங்கிருந்து ஒரு வரியை அப்படியே எடுத்துத் தன் க்ரான்டேப்பில் ஒட்டினால், ரூட் என்ற பெயரையே க்ரான் கட்டளையாக எடுத்துக்கொண்டு ஓட்டப் பார்க்கும். "ரூட்: நாட் ஃபவுண்ட்" என்று எங்கேயாவது பார்த்தால் காரணம் இதுதான்.

கோப்பின் கடைசி வரிக்குப் பின் ஒரு என்டர் இருக்க வேண்டும், இல்லையென்றால் அந்தக் கடைசி வரி ஏற்கப்படாமல் போகும். டெபியன் குடும்பத்தில் க்ரான்.டி, க்ரான்.டெய்லி அடைவுகளில் வைக்கும் கோப்பின் பெயரில் புள்ளி இருக்கக் கூடாது. "அறிக்கை.எஸ்எச்" என்று பெயர் வைத்து க்ரான்.டெய்லியில் போட்டால், அது எந்தக் காலத்திலும் ஓடாது, ஏன் என்றும் யாரும் சொல்ல மாட்டார்கள். "ரன்-பார்ட்ஸ் --டெஸ்ட் /இடிசி/க்ரான்.டெய்லி" என்று தட்டினால் எவையெல்லாம் ஓடும் என்ற பட்டியல் வரும். அதில் உங்கள் கோப்பு இல்லையென்றால் பெயரைப் பாருங்கள், பிறகு ஓட்டும் அனுமதியைப் பாருங்கள்.

தேதி, கிழமை இரண்டையும் நிரப்பியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. "0 5 1 * 1" என்றால் ஒன்றாம் தேதியாகவும் திங்களாகவும் இருக்கும் நாள் என்றுதான் யாரும் படிப்பார்கள். க்ரான் அப்படிப் படிக்காது. இரண்டு கட்டங்களும் நட்சத்திரம் இல்லாமல் நிரம்பியிருந்தால், இரண்டில் ஒன்று பொருந்தினாலே ஓட்டிவிடும். ஒன்றாம் தேதியும் ஓடும், ஒவ்வொரு திங்களும் ஓடும்.

இனி % குறி. இதைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம், இதில் விழாதவர்கள் குறைவு. பேக்கப் கோப்பின் பெயரில் அன்றைய தேதியைச் சேர்க்க டேட் கட்டளையை % குறிகளோடு எழுதுவோம். டெர்மினலில் அழகாக வரும். க்ரான்டேப்பில் முதல் % குறி வந்த இடத்திலேயே கட்டளை முடிந்துவிடும். அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் அந்தக் கட்டளைக்கு உள்ளீடாகப் போகும், மீதி % குறிகள் புதுவரியாக மாறும். லாக்கில் கட்டளை பாதியில் அறுந்து தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். ஒவ்வொரு % குறிக்கும் முன்னால் ஒரு பேக்ஸ்லாஷ் போட்டு \% என்று எழுதலாம். தேதி வேலையையே ஸ்கிரிப்டுக்குள் தள்ளிவிடுவது அதைவிட நல்லது. க்ரான்டேப் வரியில் நேரமும் ஸ்கிரிப்டின் முழுப் பாதையும் லாக் வழியும் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது என்பது என் கட்சி.

இவ்வளவும் சரியாக இருந்தும் லாக்கில் வரி வரவில்லையா? "* * * * * /பின்/டேட் >> /டிஎம்பி/சோதனை" என்று ஒரு வரி சேர்த்து இரண்டு நிமிடம் காத்திருங்கள். இதுவும் ஓடவில்லை என்றால் சேவையைப் பாருங்கள்: "சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் க்ரான்". அடுத்து, க்ரான்டேப்பை யார் பயன்படுத்தலாம், யார் கூடாது என்று சொல்லும் /இடிசி/க்ரான்.அலவ், /இடிசி/க்ரான்.டினை கோப்புகள். இன்னொன்றும் உண்டு: அந்தப் பயனரின் கடவுச்சொல் காலாவதியாகியிருந்தால், பல பெட்டிகளில் அவர் பெயரிலுள்ள க்ரான் வேலைகளும் சேர்ந்தே நின்றுவிடும். "சேஜ் -எல் ஆலை" என்று தட்டினால் தேதி தெரியும். நேற்றுவரை ஓடியது, யாரும் எதையும் தொடவில்லை, இன்று நின்றுவிட்டது என்றால் முதலில் இங்கே பாருங்கள்.

படி 3: கத்தியது, யாருக்கும் கேட்கவில்லை

ஸ்கிரிப்ட் ஏதாவது அச்சிட்டால் க்ரான் அதை அந்தப் பயனருக்கு மின்னஞ்சலாக அனுப்பப் பார்க்கும். இங்குள்ள சிறு பெட்டிகளில் மின்னஞ்சல் சேவையை யாரும் நிறுவுவதில்லை. அதனால் டெபியன் லாக்கில் "நோ எம்டிஏ இன்ஸ்டால்டு, டிஸ்கார்டிங் அவுட்புட்" என்று ஒரு வரி விழும். பிழைச் செய்தியைக் குப்பையில் போட்டுவிட்டேன் என்று க்ரானே சொல்கிறது. இந்த வரியைப் பார்த்துவிட்டு எம்டிஏதான் (மின்னஞ்சல் அனுப்பும் சேவை) பிரச்சினை என்று போஸ்ட்ஃபிக்ஸ் போன்ற ஒன்றை நிறுவக் கிளம்ப வேண்டாம். அந்தச் செய்தியைக் கோப்பில் பிடியுங்கள்:

0 5 * * * /ஹோம்/ஆலை/பின்/அறிக்கை >> /ஹோம்/ஆலை/லாக்/அறிக்கை.லாக் 2>&1

கடைசியில் வரும் 2>&1 கோப்புப் பெயருக்குப் பிறகுதான் வர வேண்டும். முன்னால் போட்டால் பிழைச் செய்திகள் கோப்பில் விழாது. லாக் அடைவு முன்பே இருக்க வேண்டும், ஏனென்றால் க்ரான் அதை உருவாக்கித் தராது. லாக்கில் 127 என்ற வெளியேறும் எண் தெரிந்தால் கட்டளை கிடைக்கவில்லை, 126 என்றால் கிடைத்தது ஆனால் ஓட்ட முடியவில்லை. விண்டோஸில் நோட்பேடில் திருத்திக் கொண்டுவந்த ஸ்கிரிப்ட் என்றால், வரி முடிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் கண்ணுக்குத் தெரியாத எழுத்தும் முதல் வரியைக் கெடுத்து இதே மாதிரி "கிடைக்கவில்லை" என்று சொல்ல வைக்கும். "டாஸ்2யூனிக்ஸ்" ஒருமுறை ஓட்டினால் போதும்.

படி 4: சூழல்

இங்குதான் பெரும்பாலான வழக்குகள் முடியும். நீங்கள் எஸ்எஸ்எச் வழியாக (தொலைவிலிருந்து) உள்ளே நுழையும்போது, கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்லான பேஷ் ஒரு லாகின் ஷெல்லாக எழுகிறது. முதலில் /இடிசி/புரொஃபைல், பிறகு உங்கள் ஹோமில் .பேஷ்_புரொஃபைல், .பேஷ்_லாகின், .புரொஃபைல் என்ற வரிசையில் முதலில் கிடைக்கும் ஒன்றை மட்டும் படிக்கும். திரையில் புதிய டெர்மினல் ஜன்னல் திறந்தால் பெரும்பாலும் .பேஷ்ஆர்சி மட்டும் படிக்கப்படும். க்ரான் இவற்றில் எதையும் படிப்பதில்லை. ஹோம், லாக்நேம், ஷெல், மிகச் சுருக்கமான ஒரு பாத், இவ்வளவுதான் அது தருவது. கட்டளைகளை எந்த அடைவுகளில் தேட வேண்டும் என்ற பட்டியல்தான் பாத். டெபியனில் அந்த பாத் /யூஎஸ்ஆர்/பின்:/பின் மட்டுமே. /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின் அதில் கிடையாது. என்விஎம் வழியாக நிறுவிய நோடும், பைஎன்வ் வழியாக வந்த பைத்தானும், ஹோமுக்குள் .லோக்கல்/பின் அடைவில் உட்கார்ந்திருக்கும் கருவிகளும் க்ரானின் கண்ணுக்குத் தெரியாது.

ஊகம் வேண்டாம், பட்டியலை எடுத்துப் பாருங்கள். க்ரானில் ஒரு நிமிட வரி:

* * * * * /யூஎஸ்ஆர்/பின்/என்வ் > /டிஎம்பி/க்ரான்-சூழல்

டெர்மினலில் "என்வ் > /டிஎம்பி/என்-சூழல்". இரண்டையும் சார்ட் செய்து (வரிசைப்படுத்தி) டிஃப் போடுங்கள் (ஒப்பிடுங்கள்). வித்தியாசம் கண்முன் நிற்கும். வேலை முடிந்ததும் அந்த நிமிட வரியையும் டிஎம்பியில் உள்ள கோப்புகளையும் நீக்கிவிடுங்கள். சூழல் மாறிகளில் கடவுச்சொற்கள் இருக்கலாம்.

ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு நிமிடம் காத்திருக்கப் பொறுமை இல்லையென்றால், க்ரானின் வறுமையை டெர்மினலிலேயே உருவாக்கலாம்:

என்வ் -ஐ ஹோம்=/ஹோம்/ஆலை லாக்நேம்=ஆலை ஷெல்=/பின்/எஸ்எச் பாத்=/யூஎஸ்ஆர்/பின்:/பின் /பின்/எஸ்எச் -சி '/ஹோம்/ஆலை/பின்/அறிக்கை'

இங்கே விழுந்தால் க்ரானிலும் விழும். பத்தில் ஒன்பது பிழை இந்த ஒரு வரியிலேயே வெளியே வந்துவிடும். ஸ்கிரிப்டின் தலையில் "செட் -எக்ஸ்" சேர்த்து ஓட்டினால் எந்த வரியில் விழுகிறது என்பதும் தெரியும்.

தீர்வுக்கு வருவோம். பலர் செய்யும் முதல் வைத்தியம், க்ரான் வரியில் .பேஷ்ஆர்சியை ஏற்றிவிடுவது. இது எனக்குப் பிடிக்காத வைத்தியம், பெரும்பாலும் பலிக்கவும் பலிக்காது. உபுண்டுவின் .பேஷ்ஆர்சியைத் திறந்து பாருங்கள். மனிதர் யாரும் தட்டச்சு செய்யாத ஷெல் என்றால் உடனே திரும்பிவிடு என்று தொடக்கத்திலேயே எழுதியிருக்கும். நீங்கள் கீழே சேர்த்த பாத் வரியை க்ரான் எட்டவே எட்டாது. தவிர, சோர்ஸ் என்ற கட்டளையே க்ரானின் இயல்பான ஷெல்லுக்குத் தெரியாமல் இருக்கலாம். உபுண்டுவில் 2006-இன் 6.10 பதிப்பிலிருந்து /பின்/எஸ்எச் என்பது பேஷ் அல்ல, டாஷ். சோர்ஸ், இரட்டைச் சதுர அடைப்பு நிபந்தனை, பேஷ் அர்ரே எதுவும் அதில் செல்லாது. பேஷ் வேண்டுமென்றால் ஸ்கிரிப்டின் முதல் வரியில் #!/பின்/பேஷ் என்று எழுதுங்கள்.

ஸ்கிரிப்டுக்கு என்ன தேவையோ அதை ஸ்கிரிப்டே சொல்லட்டும். தலையில் பாத் வரி ஒன்று, ரகசியங்களுக்கு 600 அனுமதியுடன் (உரிமையாளர் மட்டும் படிக்கலாம், எழுதலாம்) தனிக் கோப்பு ஒன்று, அதைப் புள்ளிக் கட்டளையால் ஏற்றுதல், பிறகு வேலை செய்யும் அடைவுக்கு சிடி. சிடி ஏனென்றால், க்ரான் எப்போதும் ஹோம் அடைவில் நின்றுதான் ஓட்டும். நீங்கள் ப்ராஜெக்ட் அடைவுக்குள் நின்று சோதித்த "./தரவு" என்ற பாதை அங்கே இருக்காது. க்ரான்டேப்பின் தலையிலும் பாத் எழுதலாம், ஆனால் டாலர் குறி போட்டுப் பழைய பாத்தோடு ஒட்ட முடியாது. விரிக்காமல் எழுத்துக்கு எழுத்து அப்படியே வைத்துக்கொள்ளும். முழுப் பட்டியலையும் எழுத வேண்டும்.

ஒவ்வொரு பெட்டியிலும் க்ரான் கொஞ்சம் மாறி நடப்பதற்கு அதன் வரலாறு காரணம். 1979-இன் ஏழாம் பதிப்பு யூனிக்ஸிலேயே க்ரான் இருந்தது. 1987-இல் பால் விக்ஸி புதிதாக எழுதியதுதான் லினக்ஸ்களுக்குப் பரவியது. ரெட் ஹாட் பக்கம் இருக்கும் க்ரானி, 2007-இல் அதிலிருந்து கிளைத்தது. இணையத்தில் கிடைக்கும் தீர்வு எந்தக் கிளைக்கானது என்று பார்த்துவிட்டு நகலெடுங்கள்.

தமிழ் எழுத்துக்கு ஒரு தனிப் பத்தி

மொழியையும் எழுத்துக் குறியாக்கத்தையும் சொல்லும் லாங் என்ற மாறி சூழலில் இல்லாவிட்டால் அடிபடுவது தமிழ். "கணேசன்" என்ற பெயர் நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. யூனிகோடில் ஆறு குறிகள். யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட் என்பதால் மொத்தம் 18 பைட். டெர்மினலில் ஜிஆக் என்ற உரை அலசும் கருவியிடம் இந்தப் பெயரின் நீளம் கேட்டால் 6 என்கும். லாங் இல்லாத க்ரானில் அதே ஜிஆக் 18 என்கும். பத்து எழுத்துக்கு மேல் இருந்தால் வெட்டு என்று ஸ்கிரிப்டில் எழுதியிருந்தால், க்ரானில் மட்டும் பெயர் நடுவில் வெட்டுப்பட்டு, விவசாயியின் போனில் கட்டமும் கேள்விக்குறியுமாகப் போய்ச் சேரும். "லொக்கேல் -ஏ" தட்டி, பெட்டியில் இருக்கும் யூடிஎஃப்-8 லொக்கேல் ஒன்றைத் தேர்ந்து ஸ்கிரிப்டின் தலையில் லாங் மதிப்பாக எழுதிவிடுங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொன்று: ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றுக்கு 160 எழுத்து, தமிழுக்கு 70 குறிதான். நீளத்தை ஸ்கிரிப்ட் தப்பாக எண்ணினால் கட்டணத்திலும் தெரியும்.

படி 5: யாராக ஓடுகிறது?

ஆலை பயனரின் க்ரான் வேலையைச் சோதிக்க யாரோ ஒருவர் சுடோ போட்டு (ரூட்டாக மாறி) கையால் ஓட்டியிருப்பார். லாக் கோப்பு ரூட் பெயரில் பிறந்திருக்கும். அன்றிரவு ஆலையின் பெயரில் க்ரான் எழுந்து அந்தக் கோப்பில் எழுதப் போகும், அனுமதி இல்லை என்று ஷெல் வரியையே கைவிடும். ஸ்கிரிப்ட் தொடங்கவே தொடங்காது. "எல்எஸ் -எல்" போட்டுக் கோப்புகளின் உரிமையாளர் பெயரைப் பாருங்கள். சோதிப்பதாக இருந்தால் "சுடோ -யூ ஆலை" என்று அந்தப் பயனராகவே ஓட்டுங்கள். "எஸ்யூ ஆலை" என்பதற்கும் நடுவில் ஒரு கோடு போட்ட "எஸ்யூ - ஆலை" என்பதற்கும் வித்தியாசம் உண்டு. கோடு இல்லாதது பழையவரின் சூழலில் பெரும்பகுதியைச் சுமந்துகொண்டே போகும், கோடு போட்டது புதியவரின் லாகின் சூழலைக் கட்டும். க்ரானின் சூழல் இரண்டுமே இல்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

எஸ்எஸ்எச் வழியாகப் பேக்கப் அனுப்பும் வேலைகள் இன்னொரு ரகம். உங்கள் சாவிக்குக் கடவுச்சொற்றொடர் இருந்து, ஏஜென்ட் என்ற துணை நிரல் அதை நினைவில் வைத்திருந்தால் டெர்மினலில் தடையின்றிப் போகும். க்ரானுக்கு அந்த ஏஜென்ட் தெரியாது. பேக்கப்புக்கென்று தனிச் சாவி ஒன்றை உருவாக்கி, எதிர்ப்பக்கம் அந்தச் சாவிக்கு ஒரே ஒரு கட்டளையை மட்டும் அனுமதியுங்கள்.

படி 6: நேரம்

மேட்டூர் நீர்மட்டத்தைக் காலை எட்டு மணி நிலவரப்படி சொல்வது வழக்கம். ஜூன் 12 நெருங்கும்போது, அணை திறப்பார்களா என்று குறுவைக்காரர்கள் எல்லோரும் அந்த எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எட்டரைக்கு அதை எடுத்து வாட்ஸாப் குழுவில் போடும் ஸ்கிரிப்ட், கிளவுட் சர்வரில் இருந்துகொண்டு பிற்பகல் இரண்டு மணிக்குப் போட்டால் தேடவே வேண்டாம். சரியாக ஐந்தரை மணி நேரத் தாமதம் என்றால் பெட்டி யூடிசியில், அதாவது இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய உலகப் பொது நேரத்தில், ஓடுகிறது.

கணக்குப் போட்டு மணியை மட்டும் மாற்றிவிடலாம் என்று தோன்றும். பாதி இடங்களில்தான் சரிவரும். திங்கள் காலை ஐந்து மணி என்பது யூடிசியில் ஞாயிறு இரவு 23:30. கிழமைக் கட்டத்தையும் மாற்ற வேண்டும். ஒன்றாம் தேதி காலை ஐந்து மணி என்பது முந்தைய மாதத்தின் கடைசி நாள். அது 28-ஆ, 30-ஆ, 31-ஆ என்று க்ரானில் ஒரே வரியில் சொல்ல வழியில்லை. "டைம்டேட்சிடிஎல் செட்-டைம்ஸோன் ஏஷியா/கொல்கத்தா" என்று மாற்றிவிடுங்கள். மாற்றியபின் க்ரான் சேவையை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் க்ரான் பழைய மண்டலத்தையே பிடித்துக்கொண்டிருக்கும். க்ரானி உள்ள பெட்டிகளில் க்ரான்_டிஇசட் என்ற மாறியைக் க்ரான்டேப்பிலேயே எழுதலாம்.

அடுத்தது மின்வெட்டு. ஐந்து மணிக்குப் பெட்டி அணைந்திருந்தால், ஆறு மணிக்கு எழுந்தபின் க்ரான் அந்த வேலையைத் தேடி ஓட்டாது. 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் கரையைக் கடந்தபின் டெல்டாவில் பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அந்த அளவு வேண்டாம், ஐப்பசி மழையில் ஒரு மணி நேரம் கரண்ட் போனாலே அன்றைய அறிக்கை போச்சு. நாள், வாரம், மாதக் கணக்கிலான வேலைகளுக்கு அனாக்ரான் இருக்கிறது. அது கடைசியாக ஓடிய நாளை எழுதி வைத்து, விட்டதை எழுந்தபின் ஓட்டும். மணிக் கணக்கு அதற்குத் தெரியாது. க்ரானுக்குப் பதில் சிஸ்டம்டி டைமர் போட்டால், நேரத்தைச் சொல்லும் ஆன்காலண்டரோடு பெர்சிஸ்டென்ட்=ட்ரூ என்று எழுதுங்கள், விட்டுப்போனதைப் பெட்டி எழுந்ததும் ஒருமுறை ஓட்டும். பயனர் அளவிலான டைமர் என்றால் "லாகின்சிடிஎல் எனேபிள்-லிங்கர் ஆலை" அவசியம். இல்லையென்றால் நீங்கள் லாகவுட் ஆனதும் டைமரும் போய்விடும்.

கரண்ட் வந்ததும் எல்லா வேலைகளும் ஒரே நேரத்தில் கிளம்பி ஒன்றன்மேல் ஒன்று ஏறும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் வேலை முடியவே ஏழு நிமிடம் எடுத்தாலும் இதே கதைதான். கட்டளைக்கு முன்னால் "எஃப்லாக் -என் /டிஎம்பி/அறிக்கை.லாக்" சேர்த்தால், முதலாவது முடியும்வரை இரண்டாவது ஒதுங்கிவிடும். (இங்கே லாக் என்பது பூட்டுக் கோப்பு, பதிவுக் கோப்பு அல்ல.)

படி 7: அடுத்த முறை உங்களுக்கு முதலில் தெரிய வேண்டும்

க்ரான்டேப்பின் நகல் ஒன்றை எப்போதும் வெளியே வைத்திருங்கள்: "க்ரான்டேப் -எல் > நகல்". திருத்துவது -இ, அழிப்பது -ஆர். விசைப்பலகையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு. -ஆர் மறுகேள்வி கேட்காமல் எல்லாவற்றையும் அழித்துவிடும்.

ஓடாத வேலை எந்த லாக்கிலும் எழுதாது, எனவே லாக்கைப் பார்த்துக்கொண்டிருப்பது மட்டும் போதாது. ஸ்கிரிப்டின் கடைசி வரியில், எல்லாம் வெற்றியாக முடிந்தால் மட்டும் ஒரு கோப்பை டச் செய்து (அதன் நேரத்தைப் புதுப்பித்து), அதை இன்னொரு பெட்டிக்கு நகலெடுக்கச் சொல்லுங்கள். அந்த இன்னொரு பெட்டியில், காலை ஆறரைக்கு "ஃபைண்ட் /வார்/கண்காணி/ஆலை-முடிந்தது -எம்மின் +1500" என்று ஒரு க்ரான் வரி. 1500 நிமிடம் என்றால் 25 மணி நேரம். கோப்பு அதைவிடப் பழையதென்றால் அதன் பெயர் அச்சாகும், அந்தக் கோப்பையே காணோம் என்றால் பிழைச் செய்தி வரும். இரண்டில் எது வந்தாலும் உங்கள் போனுக்குச் செய்தி அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள். இரண்டாவது பெட்டி ஆலைக்கு வெளியே, வேறு மின் இணைப்பில் இருக்க வேண்டும். ஒரே யுபிஎஸ்ஸில் இரண்டும் தொங்கினால் இரண்டும் சேர்ந்தே அணையும்.